வெள்ளலைக் கிழவி ஏன் உப்புக் கேட்கிறாள்? கற்பனை உலகத்து நாட்டுப்பாடலை வாசிக்கும் முறை

மொரிஷியஸில் விடுகதை போடுகிறவர் முதலில் "சிராந்தான்!" என்று குரல் கொடுப்பார். சுற்றியிருப்பவர்கள் "சாம்பெக்!" என்று பதில் சொன்ன பிறகுதான் விடுகதை வரும். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று: "திலோ திபுத்?" நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் எது? கரும்பு. அதற்கு ஜோடியாக இன்னொன்று: "திலோ பாந்தான்?" தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர் எது? தேங்காய்.

இந்தத் தீவைப் பார்த்தே இராத ஒருவரிடம் இந்த இரண்டு விடுகதைகளை மட்டும் கொடுத்தால் அவர் என்ன சொல்லுவார்? அந்த ஊரில் கரும்பும் தென்னையும் உண்டு என்பார். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஆலைக் கணக்கில் கரும்பு என்பது டன். துறைமுகக் கணக்கில் அது மூட்டை. அதைத் "தண்ணீர்" என்று பார்ப்பவர், வெயிலில் நின்று, ஒரு துண்டை ஒடித்துக் கடித்துச் சாறு குடித்தவர். விடுகதை கரும்பைப் பற்றிச் சொன்னது கொஞ்சம். கரும்புக் காட்டில் நின்றவரைப் பற்றிச் சொன்னது நிறைய.

இதே பார்வையைக் கற்பனை உலகத்துப் பாட்டின் மேல் திருப்புவதுதான் இங்கே விளக்கப்போகும் விஷயம். மாயக்கதை எழுதுபவர் ஒரு தேசத்தையே உண்டாக்குகிறார். மலை, கடல், அரசு, போர் எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவில் ஒரு பாத்திரம் ஒரு பாட்டைப் பாடுகிறது. அதை ஆசிரியர் எழுதிய கவிதையாக வாசிக்கலாம். அந்த ஊர்ச் சனங்கள் வாய்வழியாகப் பாடிவந்த பாட்டாகவும் வாசிக்கலாம். இரண்டாவது வழியில் போனால் அந்தப் பாட்டு கற்பனை நாட்டார் வழக்காறு ஆகிவிடுகிறது. அதன்பிறகு கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. இதை யார் பாடுகிறார்கள்? எந்த வேலை செய்யும்போது? யாரிடமிருந்து கற்றார்கள்? எந்த வரி தேய்ந்துபோயிருக்கிறது? எந்த வரியைப் பின்னால் வந்தவர் ஒட்டவைத்திருக்கிறார்?

உள்ளே நின்று, வெளியே நின்று

முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே நின்று பார்த்தால் பாட்டுக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆண்டு, ஒரு பதிப்பகம் உண்டு. உள்ளே நின்று பார்த்தால் பாட்டுக்குப் பாடகர், ஊர், கைமாறிய வழி உண்டு. இரண்டும் தனித்தனி மாடிகள். ஒரு மாடியில் எழும் கேள்விக்கு இன்னொரு மாடியிலிருந்து பதில் எடுக்கக் கூடாது. "இந்தப் பாட்டில் கடல் ஏன் வருகிறது?" என்ற கேள்விக்கு "ஆசிரியருக்குக் கடல் பிடிக்கும்" என்பது வெளிப் பதில். அது உண்மையாகவே இருந்தாலும் உள்வாசிப்பை ஓர் அடிகூட நகர்த்தாது.

இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக் காட்டியவர் "லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். 1962-ல் அவர் 16 கவிதைகளை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். அவற்றில் பல, வெவ்வேறு இதழ்களில் 1920களிலும் 1930களிலும் வந்த பழைய கவிதைகள். சிலவற்றுக்கும் அவருடைய கற்பனை உலகமான மத்திய பூமிக்கும் முதலில் எந்தத் தொடர்பும் கிடையாது. அவர் செய்த காரியம் ஒரு முன்னுரை எழுதியதுதான். அதில் அவர் ஆசிரியராகப் பேசவில்லை, பழைய சுவடிகளைப் பதிப்பிப்பவராகப் பேசுகிறார். இந்தப் பாட்டுகள், அந்த உலகத்துக் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகள் எழுதிவைத்த சிவப்புப் புத்தகத்தைச் சேர்ந்தவை. சில தனித் தாள்களில் கிடந்தன, சில ஓரங்களில் அவசரமாகக் கிறுக்கப்பட்டிருந்தன என்கிறார். ஒரு பாட்டின் பக்கத்தில் இன்னாருடைய முதலெழுத்துகள் உள்ளன, ஆனால் அவர் பழைய பாட்டைக் கொஞ்சம் மெருகேற்றியிருப்பாரே தவிர முழுதும் அவருடையதாக இருக்காது என்று நுணுக்கமாக எடைபோடுகிறார்.

அதில் இரண்டு இடங்களைத் தொடக்க வாசகர்கள் கவனித்தால் போதும். சந்திரனில் வாழும் மனிதன் பூமிக்கு இறங்கி வருவதைப் பற்றிய பாட்டில் ஒரு வளைகுடாவும் கடலைப் பார்த்த கோபுரமும் வருகின்றன. ஹாபிட்டுகள் உள்நாட்டுக்காரர்கள். ஆகவே இந்தப் பாட்டின் வேர் தெற்கே, கடலோர மனிதர்களிடம் இருக்க வேண்டும் என்கிறார் பதிப்பாளர். கவிதையில் வரும் ஓர் இடத்தை வைத்தே அது பயணப்பட்ட பாதையைச் சொல்லிவிடுகிறார். இரண்டாவது, கடல் மணியைப் பற்றிய சோகப் பாட்டு. அதன் தலைப்பில் யாரோ "ஃப்ரோடோவின் கனவு" என்று கிறுக்கியிருக்கிறார்கள். கதையின் நாயகனான ஹாபிட் ஃப்ரோடோ அதை எழுதியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகளின் இருண்ட கனவுகளோடு அதைச் சேர்த்து நினைத்திருக்கிறார்கள் என்கிறது முன்னுரை. எழுதியவர் யார் என்பது கிடைக்காமல் போனாலும், யாரோடு சேர்த்து நினைவு வைத்தார்கள் என்பது கிடைக்கிறது. நாட்டார் வழக்காற்றில் அதுவே பெரிய செய்தி.

தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. குறுந்தொகைப் பாட்டுகளின் கீழே "தலைவி கூற்று", "தோழி கூற்று" என்று குறிப்பு இருக்கிறதே, அது பாட்டின் பகுதி அல்ல. யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்பதைப் பின்னால் தொகுத்தவர்கள் வாசித்து எழுதிய குறிப்பு. 40ஆம் பாட்டைப் பாடியவரின் பெயர் தெரியாமல் போனதால், பாட்டில் வரும் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று வைத்தார்கள். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். பெயர் தொலைந்த இடத்தில் பாட்டு பெயர் கொடுக்கிறது. கற்பனை உலகத்துப் பாட்டுக்குத் தொகுப்பாளர் குறிப்பு எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

ஒரு பாட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்

இந்தக் கட்டுரைக்காகவே இட்டுக்கட்டிய பாட்டு இது. உலகமும் இட்டுக்கட்டியதுதான். நீள்திட்டு என்ற தீவுக்கூட்டம். ஒவ்வொரு தீவைச் சுற்றியும் பவளத் திட்டு. அலை உடைந்து நுரைக்கும் அந்த விளிம்புக்கு வெள்ளலை என்று பெயர். தூரத்தில் பெருங்கரை என்ற வல்லரசு. குழந்தைகள் வட்டமாகக் கைகோத்து நின்று பாடுகிறார்கள். ஒருத்தி மட்டும் வட்டத்துக்கு வெளியே நிற்கிறாள், அவள்தான் கிழவி.

வெள்ளலைக் கிழவி வந்து நிக்கிறா
வாசலில் என்ன வேணுமாம்?
உள்ளங்கை அளவு உப்பு வேணுமாம்
உப்பு நம்ம வீட்டில் இல்லையாம்!
துள்ளுற துடுப்பு எத்தனை இருக்கு?
மூணிருக்கு, ஒண்ணு முறிஞ்சிருக்கு!
பிள்ளைங்க தலை எத்தனை இருக்கு?
எண்ணாதே, எண்ணாதே, ஏழு தென்னை இருக்கு!

"எண்ணாதே" என்னும்போது எல்லாரும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தாளம் தப்பிப் பதில் சொன்னவர், அல்லது வாய் தவறி "உப்பு இருக்கு" என்று சொன்னவர் வெளியே போய் அடுத்த கிழவியாக வேண்டும்.

எதையும் விளக்குவதற்கு முன்னால் பாட்டை வாய்விட்டு ஐந்து முறை சொல்லுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் தப்பிப்போகும் ஒன்று காதில் விழும்: வெள்ள, உள்ள, துள்ளு, பிள்ளை. ஒன்றுவிட்டு ஒரு வரியில் எதுகை உறுதியாக நிற்கிறது. இந்த நான்கு சொற்களும் பாட்டின் ஆணிகள். வாய்மாறும்போது மற்றச் சொற்கள் கழன்றுபோகும், இவை கழலாது. எது பழையது, எது புதியது என்று பிறகு எடைபோடும்போது இந்த ஆணிகள் உதவும்.

அடுத்து ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். தொல்காப்பியம் தந்த முதல், கரு, உரி என்ற பிரிப்பு இதற்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். முதற்பொருள் நிலமும் பொழுதும்: கடற்கரை வீடு, வாசல், நேரம் சொல்லப்படவில்லை. கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டு இனங்களைத் தொல்காப்பியம் பெயர் சொல்லிப் "பிறவும்" என்று கதவைத் திறந்துவைக்கிறது. நம் பாட்டில் தெய்வத்தின் இடத்தில் கிழவி, உணவு உப்பு, மரம் தென்னை, தொழிலுக்குத் துடுப்பு. உரிப்பொருள், அதாவது பாட்டு கிளப்பும் உணர்வு: பயமும், பயத்தைச் சமாளிக்கும் சாமர்த்தியமும்.

கட்டங்களை நிரப்பிய பிறகு எது நிரம்பவில்லை என்று பாருங்கள். தொடக்க வாசகர்கள் தவறவிடும் இடம் இது. கடலோரப் பாட்டில் மீன் இல்லை, வலை இல்லை. பாட்டு ஒரு வீட்டின் வாசலில் நடக்கிறது, ஆனால் அப்பா இல்லை, அம்மா இல்லை, தாத்தா இல்லை. வாசலில் வந்து நிற்பவளுக்குக் குழந்தைகளே பதில் சொல்கிறார்கள். பெரியவர்கள் கடலுக்குப் போயிருக்கலாம், ஒளிந்திருக்கலாம், பிடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். எது என்று பாட்டு சொல்லாது. பாடுகிறவர்களுக்கு அது தெரிந்த விஷயம். தெரிந்ததை யாரும் பாட்டில் விளக்குவதில்லை.

இனி கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். உப்பு, துடுப்பு, தலை. ஒரு பேய் இந்த வரிசையில் கேட்காது. பண்டம், படகு, ஆள் என்று கேட்பது கணக்கெடுக்க வருகிறவரின் வரிசை. பதில்களும் அதற்குத் தக்கவை. உப்பு இல்லை. துடுப்பு மூன்று, அதில் ஒன்று முறிந்தது. மிச்சம் இரண்டு, ஒருவர் உட்கார்ந்து வலிக்கும் சின்ன ஓடத்துக்கு மட்டும் போதும், பறிமுதல் செய்ய அங்கே ஒன்றுமில்லை. தலைக்கணக்குக் கேட்டால் தென்னைக் கணக்கு. பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று நம் வீடுகளிலும் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கை இங்கே ஒரு கேடயமாக மாறியிருக்கிறது. விளையாட்டின் விதியையும் சேர்த்துப் பாருங்கள்: உண்மையைச் சொன்ன பிள்ளை தோற்கிறது. ஆக இந்த விளையாட்டு ஒரு பயிற்சி. எவர் வந்து கேட்டாலும் தடுமாறாமல் ஒரே பதிலைச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறது.

கதையின் இன்னோர் இடத்தில், பெருங்கரை அரசு முன்னொரு காலத்தில் தீவுகளிடம் உப்பு வரி வாங்கியது என்று ஓர் ஏட்டுக் குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசகருக்கு இப்போது பெரிய ஆசை வரும்: "அப்படியானால் கிழவி என்பவள் வரி அதிகாரி!" அங்கேயே நிறுத்த வேண்டும். அதிகாரி கப்பலில் வந்தார். கிழவி வெள்ளலையிலிருந்து வருகிறாள். அதிகாரிக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். அவள் கேட்பது உள்ளங்கை அளவு. அதைவிட முக்கியமான ஒன்று: கடலிலிருந்து வருகிறவளுக்கு உப்பு எதற்கு?

பாட்டில் எது இடறுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய அடுக்கு கிடைக்கும். தீவுக்கூட்டத்தின் கடைக்கோடியில், வரிக் கப்பல் எட்டிப் பார்க்காத சின்னத் திட்டில், இதே பாட்டு நான்கே வரியாக இருக்கிறது. அங்கே அது தாலாட்டு.

வெள்ளலைக் கிழவி வந்து நிக்கிறா
வாசலில் என்ன வேணுமாம்?
உள்ளங்கை அளவு நெருப்பு வேணுமாம்
அள்ளிக்கிட்டு அலைக்குள்ளே போகணுமாம்

இங்கே எல்லாம் பொருந்துகிறது. அவள் மூழ்கிப்போனவள். குளிர்கிறது. ஒரு கை நெருப்புக் கேட்கிறாள். அள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் போனால் நெருப்பு அணைந்துவிடும்; அதனால் மறுநாளும் வருவாள். இந்த நெருப்புக் கிழவியின் பாட்டை எடுத்து, வரிக்காலத்தில் யாரோ உப்பைப் போட்டு, அடுத்த இரண்டு கேள்விகளையும் சேர்த்திருக்கிறார்கள். உப்புப் பாட்டு வரிக்கொடுமையின் சங்கேதமாகப் பிறக்கவில்லை. பழைய பயம் ஒன்று கையில் இருந்தது. புதிய பயம் வந்தபோது அதையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு மறுப்புச் சொல்லலாம். "உள்ளங்கை, உப்பு என்று மோனை அழகாக அமைகிறதே, உள்ளங்கை, நெருப்பு என்பதில் மோனை இல்லையே. உப்புதானே மூலமாக இருக்க வேண்டும்?" நல்ல கேள்வி. சுவடிப் பதிப்பில் ஒரு நடைமுறை விதி உண்டு: ஒரே வரிக்கு இரண்டு பாடங்கள், அதாவது இரண்டு வடிவங்கள், இருந்தால் அவற்றில் எது கடினமோ அது பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்கள் பாட்டை எளிதாக்கும் திசையிலேயே தள்ளும். ஓசை கூடாத சொல்லை ஓசை கூடும் சொல்லாக மாற்றுவார்கள், கூடுவதைக் கெடுக்கமாட்டார்கள். உப்பு அவ்வளவு சுலபமாக உள்ளே நுழைந்ததற்குக் காரணமே அந்த மோனைதான். ஆனால் இது சட்டம் அல்ல, சாய்வு மட்டுமே. எளிய பாடமே பழையதாக இருந்த இடங்களும் உண்டு. வேறொரு சான்று துணைக்கு இருந்தால்தான் இந்த விதியை நம்பலாம். நமக்கு அந்தச் சான்று "கடல்காரிக்கு உப்பு எதற்கு" என்ற பொருள் முரண்.

மூன்றாவது அடுக்கும் ஒன்று உண்டு. நகரத்தில் ஓர் எழுத்தர் இந்தப் பாட்டைப் பள்ளிப் புத்தகத்துக்காக எழுதியெடுக்கிறார். "நிக்கிறா" என்பது "நிற்கின்றாள்" ஆகிறது. முடிவில் இரண்டு வரி கூடுதலாக வருகிறது:

நல்ல பிள்ளை பொய் சொல்லாது
நாளும் கடவுளை மறவாது

ஒட்டுப்போட்ட தையல் பளிச்சென்று தெரிகிறது. பொய் சொல்லப் பழக்கும் பாட்டில் பொய் சொல்லாதே என்ற புத்திமதி. ஆணியும் விலகியிருக்கிறது: வெள்ள, உள்ள, துள்ளு, பிள்ளை என்று வந்த ளகரம் "நல்ல" என்னும்போது லகரமாகிவிட்டது. எழுத்தர் அதைச் சரியான எதுகை என்றே நினைத்திருக்கிறார். அப்படியானால் அவர் வாயில் ளகரமும் லகரமும் ஒன்று. தீவுக்காரர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்பவர்கள் என்று கதை சொல்லியிருந்தால், அந்த எழுத்தர் வெளியூர்க்காரர் என்பது ஒற்றை மெய்யெழுத்தில் வெளிப்பட்டுவிடும். ஒரு கற்பனை நாட்டுப்பாடல் தரக்கூடிய மகிழ்ச்சிகளில் இது உயர்ந்தது. கதையில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு மனிதரை ஓர் எழுத்துப்பிழை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

கால் இடறும் இடங்கள்

ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரகசியப் பொருள் உண்டு என்று நம்புவதுதான் பரவலான பிழை. ஆங்கிலக் குழந்தைகள் வட்டமாகச் சுற்றிக் கடைசியில் விழும் ரோஜா விளையாட்டுப் பாட்டு பிளேக் நோயைப் பற்றியது என்று பலர் சொல்வார்கள். அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சில் வந்தது 1881-ல். பிளேக் விளக்கம் பரவலானது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். வழக்காற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆனாலும் அந்த விளக்கமே ஒரு புதிய வழக்காறாகிவிட்டது. கற்பனை உலகத்திலும் அப்படிப்பட்ட ஒரு தவறான விளக்கம் உலவலாம். "கிழவிதான் வரி அதிகாரி" என்று தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல், அவர் காலத்து மக்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலம் கணிப்பதில் இன்னொரு பள்ளம். பாட்டில் ஒரு பொருள் வந்தால், அதைப் பார்த்தவர்தான் பாடியிருக்க வேண்டும் என்று நினைத்துவிடுவோம். மொரிஷியஸில் டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துவிட்டது. புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் பிரெஞ்சுக்காரர்களுடன் இங்கே வந்தது 18ஆம் நூற்றாண்டில். அவர்களில் ஒருவரும் இங்கே உயிருள்ள டோடோவைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் இன்று அது நாட்டுச் சின்னத்தில் நிற்கிறது, கடைதோறும் பொம்மையாகக் கிடைக்கிறது. நாளைக்கு இங்குள்ள தமிழ்த் தாய் ஒருத்தி தன் தாலாட்டில் டோடோவைச் சேர்த்தால், அதை வைத்து அந்தத் தாலாட்டு 1650-ஐச் சேர்ந்தது என்று சொல்ல முடியுமா? கற்பனை உலகத்துப் பாட்டில் டிராகன் வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். பாடியவர் டிராகனைக் கண்டிருக்கலாம்; டிராகன் பொறித்த கொடியை மட்டும் கண்டிருக்கலாம்.

ஏட்டு வரலாறும் பாட்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. மொரிஷியஸின் பீட்டர் போத் மலையின் உச்சியில் தலைபோல ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. ஏட்டைக் கேட்டால், 1615-ல் இந்தத் தீவுக்கருகே கப்பல் உடைந்து இறந்த, டச்சுக் கிழக்கிந்தியாவின் முன்னாள் தலைமை ஆளுநரின் பெயர் அது என்று சொல்லும். ஊரைக் கேட்டால், அது ஒரு பால்காரன். மலைமேல் தேவதைகள் ஆடுவதைப் பார்த்தான், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான், வாக்கை மீறினான், கல்லானான் என்று சொல்லும். இரண்டில் ஒன்று பொய் என்று இங்கே யாரும் சண்டை போடுவதில்லை. ஏடு ஆளுநரை நினைத்தது. அடிவாரத்தில் அன்றாடம் நடந்தவர்கள், தங்களைப்போல அதிகாலையில் எழுந்து நடந்த ஒருவனை நினைத்தார்கள். கற்பனை உலகத்தில் அரசவை வரலாறும் மீனவர் பாட்டும் வரிக்கு வரி ஒத்துப்போனால், அந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் வசிக்கிறார் என்று பொருள், அவர் ஆசிரியர்.

ஒரே ஒரு வடிவத்தை மட்டும் பார்ப்பதும் குறைதான். தீவுக்குத் தீவு வழக்கு எப்படி மாறும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலே பாடம். சேகா என்பது இந்தத் தீவுகளின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கலை. மொரிஷியஸின் சேகா, ரொட்ரிக்ஸின் சேகா தம்பூர், சாகோஸின் சேகா தம்பூர் மூன்றையும் யுனெஸ்கோ 2014, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியாகப் பட்டியலில் சேர்த்தது. ஒரே குடும்பம், மூன்று குரல்.

நீங்களே எழுதும்போது

வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுதும் வழி தலைகீழ் நடைதான். முடிந்த பாட்டை முதலில் எழுதாதீர்கள். மிகப் பழைய வடிவத்தை நான்கு வரியில் எழுதுங்கள். அதில் ஒரு பயமோ ஓர் ஆசையோ தெளிவாக இருந்தால் போதும். இரண்டு மூன்று எதுகைச் சொற்களை ஆணியாக அடித்துவிடுங்கள். பிறகு உங்கள் உலகத்தில் ஒரு நூறு ஆண்டு ஓடவிட்டு, அந்தக் காலத்தில் மக்களுக்கு வந்த ஒரு தேவையைப் பாட்டுக்குள் நுழைத்துவிடுங்கள். ஆணியைத் தொடாமல் மற்றச் சொற்களை மாற்றுங்கள். எட்டு வரிக்கு மேல் போக வேண்டாம். விளையாட்டுக்கும் வேலைக்கும் பாடும் பாட்டு அதற்குமேல் நீண்டால், ஆசிரியர் கதைச் செய்தியைத் திணிக்கிறார் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தத் திணிப்பைத் தவிர்க்க ஒரு சோதனை உண்டு. பாட்டில் ஒவ்வொரு வரியையும் எடுத்து, "இது அந்த ஊர்ப் பிள்ளைக்குப் புதுச் செய்தியா?" என்று கேளுங்கள். "கிழக்கே ஆளும் பெருங்கரை மன்னன் நம் உப்புக்கு வரி போட்டான்" என்ற வரி அந்தப் பிள்ளைக்குப் புதுச் செய்தி அல்ல, வெளி வாசகருக்கு மட்டுமே தேவை. அப்படிப்பட்ட வரியை வெட்டிவிடுங்கள். "உப்பு நம்ம வீட்டில் இல்லையாம்" என்பது அந்தப் பிள்ளைக்கே தேவைப்படும் வரி. அது நிற்கட்டும்.

மொழிநடை அடுத்த கண்டம். பழமையாக ஒலிக்க வேண்டுமென்று மீனவப் பிள்ளைகள் வாயில் செந்தமிழைப் போட்டால் பாட்டு செத்துவிடும். பழமை சொற்களின் வயதில் தெரியாது, தேய்மானத்தில் தெரியும். பாடுகிறவருக்கே பொருள் புரியாத ஒரு சொல்லை ஒரே ஓர் இடத்தில் விட்டுவைப்பது, பத்துச் செந்தமிழ்ச் சொற்களைவிட வேலை செய்யும். நம் பாட்டில் "துள்ளுற துடுப்பு" அப்படித்தான். துடுப்பு ஏன் துள்ள வேண்டும்? முன்பு அது வேறு சொல்லாக இருந்திருக்கலாம். எதுகைக்காக இப்படி நின்றுவிட்டது.

கடைசியாகத் தொகுப்பாளர் குறிப்பு. மூன்று அல்லது நான்கு வரி போதும். யார் பாடக் கேட்டது, எந்த வேலையின்போது, வேறு எந்த ஊரில் எந்தச் சொல் மாறுகிறது. அந்தத் தொகுப்பாளரும் அந்த உலகத்து மனிதரே என்பதால் அவருக்கும் ஒரு சாய்வு கொடுங்கள். ஓர் இடத்தில் அவர் தவறாகப் புரிந்துகொள்ளட்டும். மூன்று நாலு பேர் சேர்ந்து எழுதுவதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் பாட்டை வாய்மொழியாக மட்டும் சொல்லி, அடுத்தவர் ஒரு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதி, மூன்றாமவர் அதைத் "திருத்தி" எழுதட்டும். நீங்கள் திட்டமிட்டு உண்டாக்க முடியாத தேய்மானம் தானாகவே வந்துசேரும்.

எல்லாவற்றையும் விளக்கி முடித்துவிட்டோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும், விளக்கி முடித்திருந்தால் ஏதோ பிழை. வெள்ளலைக் கிழவியில் ஏழு தென்னை ஏன் என்று எந்த அடுக்கும் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு தென்னை நடும் வழக்கம் இருந்திருக்கலாம். ஏழு பிள்ளைகள் பிடிபட்ட ஒரு வீடு இருந்திருக்கலாம். எண்ணாதே, ஏழு என்ற ஓசைக்காகவும் வந்திருக்கலாம். குறிப்பில் "ஏழு: பாடியவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிவிடுங்கள்.